பத்து நாளில் பொங்கல் பாடம்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி கடைசி வாரத்தில் ஒருநாள் மூன்றாம் வகுப்பில், “பொங்கல் எத்தனை நாள்?” என்று கேட்டேன். “நாலூ” என்று கூரை அதிர்ந்தது. “சரி, பொங்கலுக்கு வீட்டுல செருகுற பூளைப்பூ எங்க முளைக்கும்?” என்றேன். சத்தமே இல்லை. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே, அவர்கள் தினமும் நடந்து வரும் பாதை ஓரத்தில், அது வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

அதுவரை எங்கள் பள்ளியில் பொங்கல் விழா எல்லா ஊரிலும் போலத்தான் நடந்தது. லீவுக்கு முந்தைய நாள் ஒரு பானை, நாலு கரும்பு, “பொங்கலோ பொங்கல்”, ஒரு போட்டோ. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். செய்தது முழுக்க ஆசிரியர்கள், பிள்ளைகள் பார்வையாளர்கள். அந்தப் பூளைப்பூ நாளுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளுக்கும் பொங்கல் லீவுக்கும் நடுவே எட்டு முதல் பத்து வேலை நாள் கிடைக்கும். தினமும் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். நான் திருப்பூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பண்டிகையை நோம்பி என்போம். இதில் வரும் செடிகளும் வழக்கங்களும் கொங்கு நாட்டுடையவை; தஞ்சாவூரிலோ நெல்லையிலோ இருப்பவர்கள் உங்கள் ஊருடையதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் வகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு வருடம் “நம் வீட்டுப் பொங்கல்” என்று படம் வரையச் சொன்னேன். ஒரு பையன் வெறும் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். ஏன் கண்ணு என்று கேட்டதற்கு, “எங்கூட்டுல இந்த வருசம் நோம்பி இல்லீங் டீச்சர். அப்பாரு செத்துட்டாருங்க” என்றான். (அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா.) துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் வைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் வகுப்பில் அது நினைவுக்கு வரவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் முதல் நாளே வருகைப் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். துக்க வீடு எது, வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பம் எது, பொங்கல் வைக்கும் வழக்கமே இல்லாத வீடு எது என்று உங்கள் மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் இதை விசாரிக்க வேண்டாம். பழைய மாணவர்களும் சத்துணவு ஆயாவும் சொல்லிவிடுவார்கள்.

பிறகு கேள்விகளைத் திருத்துங்கள். “உங்க வீட்டுல” என்று தொடங்கும் எதையும் “உங்களுக்குத் தெரிஞ்ச பெரியவங்க” என்று மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். “புதுத்துணி எடுத்தாச்சா?”, “உங்க வீட்டுல எத்தனை மாடு?” இரண்டும் வகுப்பறையில் வேண்டவே வேண்டாம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு மாடு எங்கிருந்து வரும்? கிறிஸ்தவப் பிள்ளையை ஒதுக்கி வைக்கவும் அவசியமில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ தேவாலய வளாகங்களில் பொங்கல் வைக்கிறார்கள். பல ஊர்களில் சமத்துவப் பொங்கல் என்று எல்லோரும் சேர்ந்து வைக்கிறார்கள்.

2. தினம் ஒரு கேள்வி வீட்டுக்குப் போகட்டும்

இந்தப் பத்து நாளுக்கும் முதுகெலும்பு இதுதான். தினமும் சாயங்காலம் மணி அடிக்கும் முன் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் வாங்கிப் போகட்டும். மூன்றுக்கு மேல் இருப்பவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கும் பெரியவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, மளிகைக் கடைத் தாத்தா, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டு வரலாம்.

கேள்வி நன்றாக இருந்தால் பதில் கதையாக வரும். “பொங்கலின் சிறப்பு என்ன?” என்று கேட்டால் கட்டுரை நோட்டில் இருப்பதைப் பார்த்து எழுதி வருவார்கள். நான் கேட்பவற்றில் சில:

- நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப பொங்கப் பானை எங்க வாங்குவாங்க? என்ன கொடுத்து வாங்குவாங்க?
- பானை எந்தப் பக்கம் பொங்கி வழியணும்னு பார்ப்பாங்களா? ஏன்?
- காப்புக் கட்டுறதுக்கு என்னென்ன செடி பறிப்பாங்க?
- அப்ப இருந்து இப்ப இல்லாம போனது எது?

மறுநாள் காலை வட்டமாக உட்காரவைத்துக் கேளுங்கள். முரண்பட்ட பதில்கள் வரும், வரவேண்டும். ஒரு வீட்டில் விடிகாலையில் வாசலில் பொங்கல் வைப்பார்கள், இன்னொரு வீட்டில் பகல் பதினொரு மணிக்கு. ஒருத்தி கிழக்கே பொங்கினால் நல்லது என்பாள், இன்னொருத்தன் வடக்கு என்பான். எது சரி என்று உங்களைப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் பேர் போட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள்: “பாப்பாத்தி ஆத்தா சொன்னது”, “கடைத் தாத்தா சொன்னது” என்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பேச்சு கரும்பலகையில் ஏறியதைப் பார்த்த பிள்ளை அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவதே வேறு மாதிரி இருக்கும்.

3. இரண்டாம் மூன்றாம் நாள்: செடி, நெல், கரும்பு

மார்கழி கடைசி நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டும் நாள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சிறு கட்டாகக் கட்டி வீட்டு இறவாரத்தில், மாட்டுக் கொட்டகையில், கிணற்றடியில், தோட்டத்து மூலையில் செருகுவார்கள். சந்தையில் கட்டுக் கட்டாக விற்பதால் பிள்ளைகளுக்கு அது கடைப்பொருள் ஆகிவிட்டது. பள்ளியைச் சுற்றி இருபது நிமிடம் நடந்தாலே போதும். புதருக்குள் விடாதீர்கள், பாதை ஓரம் மட்டும். ஆளுக்கு ஒரு கொத்துக்கு மேல் பறிக்கவும் கூடாது.

பூளைப்பூவை விரலால் தடவச் சொல்லுங்கள், பஞ்சுபோல இருக்கும். ஒரு கொத்தை ஜன்னலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆவாரம்பூ இரண்டு நாளில் சுருங்கிவிடும், பூளைப்பூ காய்ந்த பிறகும் அப்படியே வெள்ளையாக நிற்கும். வருடம் முழுக்க இறவாரத்தில் இருக்கப்போகிற கட்டுக்கு இந்தப் பூ ஏன் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து நெல். தெரிந்த விவசாயியிடம் கால் கிலோ நெல் வாங்கி வாருங்கள். ஆளுக்குப் பத்து மணி கொடுத்து, நகத்தால் உமியை உரித்து முழு அரிசியாக எடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்ததில் இதற்கு ஈடான பாடம் இல்லை. முதல் மணி உடையும். இரண்டாவது கையை விட்டு ஓடும். நாலாவதில் நுனியைப் பிடித்துப் பிதுக்கும் வித்தை பிடிபடும். “டீச்சர், வெள்ளையா இல்ல, பழுப்பா இருக்கு” என்று ஒருத்தி கத்துவாள். தவிட்டைப் பற்றி அப்போது சொல்லலாம். பத்து மணி உரிக்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். ஒரு கவளத்தில் எத்தனை அரிசி இருக்கும் என்று மதியம் சாப்பாட்டின்போது எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளைகள் குறைவாகவே இருப்பார்கள்.

இந்த நெல் ஏன் தையில் வருகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பாப் பயிர் ஐந்து மாதம் வயலில் நின்று தை வாக்கில் அறுவடைக்கு வரும். விரல்விட்டு மாதங்களை எண்ணச் செய்யுங்கள். தமிழ் மாதப் பெயர்கள் பாட்டுப்பாடாமலே மனதில் நிற்கும்.

கரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “ரேசன் கடையில” என்பார்கள். பொங்கல் தொகுப்பில் முழுக்கரும்பு கொடுத்த வருடங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது உண்மையான பதில்தான். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: கடைக்கு எப்படி வந்தது, லாரியில் எந்த ஊரிலிருந்து, வயலில் எவ்வளவு நாள். கடித்துத் தின்னும் கருநிறப் பன்னீர்க் கரும்பும் சர்க்கரை ஆலைக்குப் போகும் வெளிறிய கரும்பும் வேறு வேறு என்பதைத் துண்டு வெட்டிக் காட்டுங்கள். கணுவில் கண் போல ஒரு மொட்டு இருக்கும். அந்தக் கண் உள்ள துண்டுதான் கரணை. மூன்றாம் நாளே இரண்டு கரணையைத் தொட்டியில் படுக்கவைத்து மண்மூடி விடுங்கள். அதை மறுபடியும் கடைசியில் பார்ப்போம்.

4. நிழல் குச்சி

முதல் நாளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். மைதானத்தில் நிழல் விழாத இடத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சியை நேராக நடுங்கள். தூக்குநூல் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தால் கணக்கே தப்பும். எங்கள் பகுதியில் ஜனவரி தொடக்கத்தில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 12.25 ஆகும். ஆகவே 12.15 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை மட்டும் அளந்து எழுதுங்கள். பள்ளி திறந்த நாளிலும் லீவுக்கு முந்தைய நாளிலும் அளந்தால் நிழல் மூன்று சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும். சூரியன் வடக்கே நகர்வதைப் பிள்ளைகள் ஸ்கேல் வைத்தே பார்த்துவிடுவார்கள்.

ஆசிரியருக்கு மட்டும் ஒரு குறிப்பு. சூரியன் தென்கோடியிலிருந்து திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். தை முதல் நாள் வருவதோ ஜனவரி 14 அல்லது 15-இல். 2024-இல் 15, 2025-இல் 14. பூமியின் அச்சு மெதுவாகச் சுழன்று ஆடுவதால், சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் சேர்ந்திருந்த இரண்டும் இப்படி விலகிவிட்டன. ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நிழல் குறைந்ததே போதும்.

5. கோலம்

கோலத்தைப் பெண் பிள்ளைகளுக்கான போட்டியாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கணக்குப் பாடம், பையன்களும் உட்காரட்டும். நேர்ப்புள்ளியில் (புள்ளிக்கு நேராகப் புள்ளி) நடுவரிசையில் ஏழு வைத்து, இருபக்கமும் இரண்டிரண்டாகக் குறைத்து ஒன்றில் முடித்தால் 25 புள்ளி. ஊடுபுள்ளியில் (இரு புள்ளிக்கு நடுவே புள்ளி) ஏழு வைத்து, ஒவ்வொன்றாகக் குறைத்து நாலில் முடித்தால் 37. முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு வைத்து எண்ணச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு நேர்ப்புள்ளியையே மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று வைக்கக் கொடுத்தால் 5, 13, 25, 41 என்று வரும். எண்கள் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று கூடிக்கொண்டே போவதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் குதிப்பார். ஒன்றாம் வகுப்புக்கு ஈர மணலில் விரலால் போடுவது போதும். மாவு பச்சரிசி மாவாகவே இருக்கட்டும். மறுநாள் காலை எறும்பு வரிசை வந்திருக்கும், அதையும் காட்டுங்கள்.

6. போகிக்கு எதையும் எரிக்காதீர்கள்

ஓலைப்பாய், கூடை, துடைப்பம் என்று அந்தக் காலத்தில் எரித்தது எல்லாம் செடியிலிருந்து வந்தது. இன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிறது. சென்னையில் போகிக் காலையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே தாமதமான வருடங்கள் உண்டு. எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்கிறது. வகுப்பறை அலமாரியைக் காலி செய்து, வைப்பது, கொடுப்பது, போடுவது என்று மூன்று குவியலாகப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் நடக்கும். நடக்கட்டும்.

7. அதே நாள், வேறு ஊர்

எங்கள் பள்ளியில் பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் ஊர்களிலும் இதே நாட்களில் பண்டிகை உண்டு. ஒடிசாவில் மகர சங்கராந்திக்கு ஊறவைத்த அரிசியில் வெல்லம், தேங்காய், பால், வாழைப்பழம் சேர்த்து மகர சௌலா செய்வார்கள். பீகாரில் அவலும் தயிரும் எள்ளுருண்டையும். அசாமில் மாக் பிஹுவுக்கு மூங்கிலும் வைக்கோலும் வைத்து மேஜி என்று உயரமாகக் கட்டி விடியலில் கொளுத்துவார்கள். அரிசி மாவில் பிட்டா செய்வார்கள். பஞ்சாபில் முந்தைய நாள் லோஹ்ரி.

இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள். விருப்பம் இருந்தால் வந்து செய்து காட்டட்டும், பிள்ளை தன் மொழியில் பெயர்களைச் சொல்லட்டும். விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிள்ளையைத் தனியாக எழுப்பி நிறுத்தி, “உங்க ஊர்ல எப்படி?” என்று கேட்பது அதைக் கூச வைக்கும். தினமும் வட்டத்தில் உட்காரும் பிள்ளை தானாகவே ஒருநாள் வாய் திறக்கும்.

8. பானை ஏறும் நாள்

மண்பானை என்றால் ஒரு வாரம் முன்பே வாங்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசி கழுவிய தண்ணீரைக் காய்ச்சி எடுத்துப் பழக்குங்கள். முதல் வருடம் நான் அதைச் செய்யாமல் நேராக அடுப்பில் ஏற்றினேன். பால் சூடேறும்போது அடியில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பானை விரிந்து பால் முழுக்க அடுப்பில் போயிற்று. ஐம்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது பூசைக்குச் சின்னப் பானையும், சமையலுக்குப் பெரிய பாத்திரமுமாக வைத்துக்கொள்கிறோம்.

ஐம்பது பேருக்கு நொறுக்குத்தீனி அளவில்: பச்சரிசி ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், வெல்லம் இரண்டேகால் கிலோ, நெய் கால் கிலோ, ஏலக்காய், முந்திரி. முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நான்காம் வகுப்பு அரிசியும் பருப்பும் அளக்கட்டும், மூன்றாம் வகுப்பு கல் பொறுக்கட்டும், ஒன்றாம் வகுப்பு பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தைத் துடைக்கட்டும். அடுப்பைச் சுற்றி இரண்டு மீட்டரில் கோடு போட்டு, அதைத் தாண்டப் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி.

அன்றைக்கு ஆசிரியர் சத்துணவு ஆயாதான். அவருக்கு நாற்காலி போட்டு, பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கட்டும். “வெல்லத்த ஏன் ஆயா கடைசில போடறீங்க?” “முன்னாடியே போட்டா அரிசி வேகாது சாமி, வெறச்சுக்கும்.” எந்த அறிவியல் புத்தகத்துக்கும் குறைந்த பதில் இல்லை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டும்போது வடிகட்டியில் தங்கும் மண்ணைக் காட்டுங்கள். பால் ஏன் பொங்குகிறது என்றும் கேளுங்கள். மேலே படியும் ஆடை ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, நுரை அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. பொங்கும் நேரத்தில் இதையெல்லாம் விளக்காதீர்கள். அந்த ஒரு நிமிடம் கத்துவதற்கு.

9. மாட்டுப் பொங்கலும் பூப்பறிக்கிற நோம்பியும்

இவை லீவில் வருவதால் முன்கூட்டியே சுருக்கமாகச் சொல்லி அனுப்பினால் போதும். கொங்குப் பக்கம் பட்டிப்பொங்கலுக்குப் பட்டியில் சாணியால் சிறிய தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு, மாட்டை அதைத் தாண்டவிடுவார்கள். களிமண்ணில் இதைப் பள்ளியிலேயே கட்டிப் பார்க்கலாம், மாடில்லாத பிள்ளையும் கை நனைக்கும். மறுநாள் பெண்கள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மியடிப்பது பூப்பறிக்கிற நோம்பி. பாட்டு ஒன்றிரண்டு அடி தெரிந்த பாட்டி ஊரில் இருந்தால் லீவுக்கு முன்பே அழைத்துவிடுங்கள்.

லீவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். “ஒரே ஒரு விஷயத்தை நல்லாப் பார்த்துட்டு வாங்க, வந்து சொல்லுங்க” என்று மட்டும் சொல்லுங்கள்.

10. லீவு முடிந்து

திரும்பி வந்த முதல் நாள் மீண்டும் வட்டம். பார்த்ததைச் சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கம் வரைந்து எழுதி, கரும்பலகையில் குறித்த பாட்டிமார் பேச்சையும் சேர்த்து ஒரே புத்தகமாகத் தைத்துவிடுங்கள். மதிப்பெண் வேண்டாம். என் கணக்கில் பாடம் ஏறியதா என்று காட்டுவது ஒன்றுதான்: பிள்ளை “எங்க வீட்டுல இப்படி, அவங்க வீட்டுல அப்படி” என்று இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறதா என்று பாருங்கள்.

வெறும் தாள் கொடுத்த பையன் அடுத்த வருடம் நாலாம் வகுப்பில் இருந்தான். வட்டத்தில் அவன் முறை வந்தபோது, “எங்கூட்டுல இந்தத் தடவ வெச்சாங்க டீச்சர். அப்பாரு எப்பவும் நிக்கிற எடத்துல நான் நின்னு பார்த்தன். கெழக்கதான் பொங்குச்சு” என்றான்.

வட்டம் முடிந்ததும் எல்லோரையும் தொட்டிப் பக்கம் அழைத்துப் போங்கள். கரணை முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். லீவு முடியும் நேரத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு முனை வெளியே வந்திருக்கும். வராவிட்டால் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னும் நாலு நாள் பொறுங்கள்.